எரிந்த கிராமத்தில் யாரையாவது உயிரோடு விடுங்கள்: ரோல்பிளே ஆட்டத்துக்கான பாத்திரமும் அதன் குடும்பமும்

உங்கள் கேள்வியின் சாரம் இது: கற்பனை உலக ரோல்பிளே ஆட்டம் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாக நடித்து, பகடை உருட்டி ஆடுவது) ஒன்றைப் புதிதாகத் தொடங்கவிருக்கும் குழுவில் நீங்கள் சேர்ந்திருக்கிறீர்கள், பின்னணியும் குடும்பமும் உள்ள ஒரு பாத்திரத்தை உருவாக்கி வரும்படி ஆட்டத்தின் உலகத்தையும் கதையையும் நடத்தும் கேம் மாஸ்டர் சொல்லியிருக்கிறார், நீங்கள் பன்னிரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தீர்கள், அவர் படித்துவிட்டு, “இதில் குடும்பமே இல்லையே, ஒரே பக்கத்தில் மறுபடி எழுதிக் கொடுங்கள்” என்று திருப்பித் தந்துவிட்டார். எரிக்கப்பட்ட கிராமம், கொல்லப்பட்ட பெற்றோர், பழிதீர்க்கப் புறப்பட்ட வாள்வீரன் என்று நீங்கள் தந்திருக்கும் சுருக்கத்தைப் படித்தபின், அவர் சொன்னதுதான் சரி என்று எனக்கும் படுகிறது. உங்கள் எழுத்தில் குறையில்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டு பக்கங்களில் பெயர் சொல்லப்பட்டவர்கள் அத்தனை பேரும் இறந்துபோனவர்கள். அவர்களில் ஒருவர்கூட ஆட்டத்தின் நடுவே கதவைத் தட்டிக்கொண்டு வர முடியாது.

அநாதை வீரர்கள் இந்த ஆட்டத்தில் ஏன் இத்தனை மலிந்திருக்கிறார்கள் என்பதற்கு ஒரு காரணம் உண்டு, அதில் பாதிப் பழி கேம் மாஸ்டர்களைச் சேர்ந்தது. தங்கை ஒருத்தி இருக்கிறாள் என்று எழுதிக் கொடுத்தால் மூன்றாவது அமர்விலேயே அவளைக் கடத்திக்கொண்டு போகும் வில்லனை அவர்கள் உருவாக்கிவிடுகிறார்கள். ஆசான் இருக்கிறார் என்றால் அவர் சாகக் கிடக்கிறார். தந்தை இருக்கிறார் என்றால் அவர்தான் துரோகி. இரண்டு முறை இப்படிச் சூடுபட்ட ஆட்டக்காரர் மூன்றாவது பாத்திரத்துக்கு உறவே வேண்டாம் என்று எல்லோரையும் தானே கொன்றுவிடுகிறார். பணயக்கைதியாக்க ஆளில்லாவிட்டால் பலவீனமும் இல்லை என்பது அவருடைய கணக்கு. கணக்கு தவறில்லை, ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை பெரிது. யாருக்கும் கட்டுப்படாத பாத்திரத்துக்கு எந்த ஊரிலும் தங்கக் காரணமில்லை, எந்த முடிவிலும் தயங்கக் காரணமில்லை; அது சத்திரத்தின் மூலையில் முக்காட்டோடு உட்கார்ந்து, யாராவது ஒரு வேலை தரமாட்டார்களா என்று காத்திருக்கும்.

ஆகவே பின்கதை, அதாவது ஆட்டம் தொடங்கும் முன் பாத்திரத்துக்கு இருந்த வாழ்க்கையை, எழுத உட்காரும்போது “இவனுக்கு என்ன நடந்தது?” என்று தொடங்குவதைவிட “இவன் யாருக்கு எதற்காகக் கடன்பட்டிருக்கிறான்?” என்று தொடங்குவதையே நான் பரிந்துரைக்கிறேன். கடன் என்ற சொல்லுக்குத் திருப்பித் தரவேண்டியது என்றும் செய்தே தீரவேண்டியது என்றும் இரண்டு பொருள்கள் நம் மொழியிலேயே அமைந்திருப்பது இந்த வேலைக்கு மிகவும் வசதி. குடும்பம் என்பது அந்த இரண்டு வகைக் கடன்களும் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும் இடம். நடந்து முடிந்த சம்பவம் எவ்வளவு பயங்கரமாக இருந்தாலும் ஆட்டத்துக்குள் அதற்கு வேலையில்லை. தீராத கடன் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் ஒவ்வோர் அமர்விலும் அதற்கு வேலை இருக்கும்.

இந்த வகை ஆட்டத்தின் தொடக்கத்தில் குடும்பம் என்ற பேச்சே கிடையாது என்பதையும் சொல்லிவிடவேண்டும். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் உருவாக்கி வெளியான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் முதல் விதிகளில் போர்வீரர், மந்திரவாதி, மதகுரு என்று மூன்றே வகுப்புகள் (பாத்திரத்தின் தொழில்வகைகள்) இருந்தன. மூன்று பகடைகளை ஆறு முறை உருட்டி, வலிமை, விவேகம் போன்ற ஆறு திறன்களுக்கான எண்களைக் குறித்துக்கொண்டு, பெயர் வைத்து, ஆயுதம் வாங்கிவிட்டால் பாத்திரம் தயார். அது முதல் சுரங்கத்திலேயே சாகும் வாய்ப்பு மிக அதிகமாக இருந்ததால் யாரும் பாட்டன் பெயரை யோசித்து நேரத்தை வீணாக்கவில்லை. பிழைத்துக் கிடந்த பாத்திரத்துக்கு ஆட்டத்தில் நடந்தவையே வரலாறு ஆயின. எனக்கு அந்த முறையின்மீது இன்னமும் மரியாதை உண்டு. முதலில் எண்கள் வந்து, அவற்றுக்குப் பொருத்தமாக ஆள் உருவாகும் அந்த வரிசையை இன்றும் பயன்படுத்தலாம் என்பது அதற்குக் காரணம். எல்லாவற்றையும் நாமே தேர்ந்தெடுத்தால் ஏற்கெனவே மனத்தில் இருந்த ஆளையே மறுபடி மறுபடி எழுதுவோம். பகடை நம்மை அந்தத் தடத்திலிருந்து கொஞ்சம் தள்ளிவிடும்.

மூன்று பகடைகளின் கூட்டுத்தொகைக்குச் சராசரி 10.5, உச்சமான 18 விழ 216-இல் ஒரே ஒரு வாய்ப்புதான். பிற்பாடு பரவிய முறையில் நான்கு பகடைகளை உருட்டி மிகக் குறைந்ததை விட்டுவிடுவார்கள். அப்போது சராசரி ஏறக்குறைய 12.24 ஆக உயர்கிறது, 18 விழும் வாய்ப்பு 1,296-இல் 21, அதாவது சுமார் 62-இல் ஒன்று. 2014-இல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் உருட்ட விரும்பாதவர்களுக்கு 15, 14, 13, 12, 10, 8 என்ற ஆயத்த எண்களோ, 27 புள்ளிகளைக் கொண்டு எண்களை வாங்கிக்கொள்ளும் வழியோ உண்டு. எந்த முறையானாலும் பட்டியலில் உள்ள பெரிய எண்ணைவிடச் சிறிய எண்ணைத்தான் நான் முதலில் பார்ப்பேன். வலிமை 15 என்பது வாள் வீசும்போது தானாகவே வெளிப்பட்டுவிடும். விவேகம் 8 என்பதற்கு மட்டுமே ஒரு வீடும் அந்த வீட்டில் நடந்த ஒரு தவறும் தேவைப்படும்.

நான் எப்படிச் செய்வேன் என்பதை ஓர் உதாரணத்தோடு காட்டுகிறேன். பழைய முறையில் வரிசையாக உருட்டியதில் வலிமை 14, லாவகம் 9, உடலுறுதி 13, அறிவுத்திறன் 12, விவேகம் 8, வசீகரம் 15 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். வலிமையும் வசீகரமும் ஒன்றாக உயர்ந்திருக்கும் ஆள் யார்? படைத்தலைவன் என்பது உடனே தோன்றும் விடை, அதனாலேயே அதை ஒதுக்கிவிடுவேன். பளு தூக்கும் வேலையும் வாயால் பிழைக்கும் வேலையும் ஒரே ஆள்மீது விழும் தொழில் எது என்று தேடினால், மணி வார்க்கும் பட்டறை கிடைக்கிறது. ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு நகரம். மூடுபனி இறங்கும் இரவுகளில் நீரில் மூழ்கி இறந்தவர்கள் கரையேறி நடப்பார்கள். கரையோரக் கோபுரங்களின் மணியோசை கேட்கும் தூரத்துக்குள் மட்டும் அவர்களால் வர முடியாது. அந்த மணிகளை வார்த்துத் தரும் குடும்பத்தின் இளைய மகள் நம் பாத்திரம். பிறந்த ஆண்டில் வார்த்த மணியின் முதல் ஓசையைக் குழந்தைக்குப் பெயராக வைப்பது அந்த வீட்டு வழக்கம் என்று வைத்துக்கொண்டால் அண்ணன் கணீரன், இவள் ரீங்கா. (பெயர் வைப்பதற்கு இப்படி ஒரு விதியை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள், கேம் மாஸ்டர் பிறகு திடீரென்று ஒரு சித்தப்பாவைக் கொண்டுவரும்போது பெயரைக் கேட்டவுடனே எல்லோருக்கும் அவர் எந்த வீட்டார் என்று தெரிந்துவிடும்.)

வாழ்நாள் முழுவதும் மணியை அடித்துச் சோதித்த தந்தைக்குக் காது போய்விட்டது. அதனால் வாங்க வருபவர்களோடு பேரம் பேசுவதும், நகரசபையிடம் பாக்கியைக் கேட்கப் போவதும், கோபித்துக்கொண்டு போனவர்களைச் சமாதானம் செய்து அழைத்து வருவதும் பத்து வயதிலிருந்தே ரீங்காவின் வேலை; வசீகரம் 15 அங்கிருந்து வந்தது. துருத்தி மிதித்தும் வார்ப்பச்சு சுமந்தும் வலிமை வந்தது. லாவகம் 9-க்கு, உருகிய உலோகம் தெறித்து இறுகிப்போன இரண்டு விரல்கள் போதும். இனி அந்த விவேகம் 8. மணிக்கான வெண்கலத்தில் ஏறத்தாழ நான்கு பங்கு செம்புக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேரவேண்டும். விலை குறைந்த காரீயத்தைக் கலந்தால் உலோகம் பார்வைக்கு அப்படியே இருக்கும், நாதம் மட்டும் செத்துவிடும். ஒரு வருடமாக அண்ணன் வெள்ளீயத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுக் காரீயத்தைச் சேர்த்து வந்தான். காது கேட்காத தந்தைக்கு அது தெரிய வழியில்லை. காது கேட்கும் ரீங்கா அவனுக்குப் பக்கத்திலேயே துருத்தி மிதித்துக்கொண்டிருந்தும் கவனிக்கவில்லை, ஏனென்றால் அவள் அவனை நம்பினாள். ஒரு பனி இரவில் வடக்குக் கோபுரத்து மணி எட்டவேண்டிய தூரம் எட்டவில்லை. கரையில் ஒன்பது பேர் இறந்தார்கள், அண்ணன் மறுநாளே காணாமற்போனான், வார்ப்பு தன் பிழை என்று சொல்லித் தந்தை பழியை ஏற்றுக்கொண்டார், பட்டறைக்கு நகரசபை முத்திரை வைத்துவிட்டது.

இதில் நடந்து முடிந்த சம்பவம் ஒன்றே ஒன்றுதான், அதையும் நான்கு வரிகளில் சொல்லிவிட முடிகிறது. மீதியெல்லாம் இன்றும் தீராமல் இருப்பவை. ஒன்பது குடும்பங்களுக்கும் அந்த வீட்டின்மீது ஒரு கேள்வி இருக்கிறது. செய்யாத குற்றத்தைச் சுமக்கும் தந்தைக்கு உண்மை தெரியுமா, தெரிந்தேதான் சுமக்கிறாரா என்பது ரீங்காவுக்கு விளங்கவில்லை. அவருடைய காதுக்கு எட்டும்படி அதைக் கேட்கவேண்டுமானால் தெருவுக்கே கேட்கும்படி கத்தவேண்டும் என்பதால் அவளால் கேட்கவும் முடியவில்லை. பாட்டிக்குத் தெரியும், ஆனால் பேரனைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனமில்லை. பட்டறையைத் திறக்க நகரசபைக்குக் கட்டவேண்டிய தண்டத்தொகைக்காகத்தான் ரீங்கா ஆபத்தான வேலைகளுக்குப் போகிறாள் என்பதால் கேம் மாஸ்டர் எந்தப் புதையலைக் காட்டினாலும் அவளுக்குப் போகக் காரணம் இருக்கிறது. அண்ணனைக் கண்டால் அணைத்துக்கொள்வாளா, இழுத்து வந்து சபை முன் நிறுத்துவாளா என்பது எனக்கே தெரியாது. அது தெரியாமல் இருப்பதுதான் இந்தப் பின்கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆடித்தான் அதைத் தெரிந்துகொள்ள முடியும்.

அவளுக்கு வகுப்பாகப் பலாடினை, அதாவது சத்தியத்துக்குக் கட்டுப்பட்ட புனித வீரரைத் தேர்ந்தெடுப்பேன். எண்கள் பொருந்துகின்றன என்பது ஒரு காரணம். 2014 விதிகளின்படி பலாடின் தன்னைக் கட்டுப்படுத்தும் சத்தியத்தை மூன்றாம் நிலையில்தான் (அனுபவம் கூடக்கூடப் பாத்திரம் ஏறும் படிகளில் மூன்றாவது) எடுக்கிறார் என்பது இன்னொரு காரணம். பழிவாங்கும் சத்தியமா வேறு சத்தியமா என்பதை இப்போதே முடிவு செய்யத் தேவையில்லாமல், முதல் சில அமர்வுகளில் குடும்பத்தைப் பற்றி அவளுக்குத் தெரியவரும் செய்திகளைப் பொறுத்து அந்த முடிவை விட்டுவைக்கலாம். பின்கதையும் விதியும் இப்படி ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொள்ளும் இடங்கள் விதிநூலில் ஆங்காங்கே உண்டு. தேடிப் பிடிப்பது நம் பொறுப்பு.

உறவினர்களை எழுதும்போது எத்தனை பேர் வேண்டும் என்ற கேள்வி எப்போதும் எழும். என் அனுபவத்தில் பெயரும் முகமும் உள்ள நான்கு பேருக்கு மேல் எந்தக் கேம் மாஸ்டராலும் நினைவில் வைத்துக்கொள்ள முடிவதில்லை, மேசையைச் சுற்றி இன்னும் நான்கு ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள் அல்லவா? அந்த நால்வரில் ஒவ்வொருவரைப் பற்றியும் இன்று அவருக்கு என்ன வேண்டும், உங்கள் பாத்திரத்தைப் பற்றி அவர் தவறாக நம்பிக்கொண்டிருப்பது என்ன என்ற இரண்டை எழுதினால் போதும். தோற்றம், உடை, வயது எல்லாம் பிறகு வரட்டும். இரண்டாவது கேள்வியை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு: நம்மைச் சரியாகப் புரிந்துகொண்ட உறவினரோடு ஒரு காட்சியை நடித்துப் பார்த்தால் இரண்டு நிமிடங்களில் பேச்சு தீர்ந்துவிடும்.

தமிழில் ஆடும் குழுவானால் இன்னொரு வசதி உங்களுக்கு இருக்கிறது. ஆங்கில விதிநூல்கள் உடன்பிறந்தவர், பெற்றோரின் உடன்பிறந்தவர் என்று பொதுப்படையாகச் சொல்லி நிறுத்திக்கொள்ளும்; தமிழில் எழுதும்போது அண்ணனா தம்பியா, அத்தையா சித்தியா என்று முடிவெடுக்காமல் ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க இயலாது. தந்தையின் உடன்பிறந்தவளா தாயின் உடன்பிறந்தவளா என்பது முடிவானவுடனேயே அந்த வீட்டில் அவளுக்கு என்ன உரிமை, எந்தச் சண்டையில் யார் பக்கம் நிற்பாள் என்பவையும் பாதி முடிவாகிவிடும். ரீங்கா தன் அண்ணனை “நீ” என்பாளா “நீங்கள்” என்பாளா? முன்பு “நீ” என்று கூப்பிட்டவள் அந்த இரவுக்குப் பிறகு முதன்முறை பார்க்கும்போது “நீங்கள்” என்றால், மேசையில் இருப்பவர்களுக்கு வேறு விளக்கமே தேவைப்படாது. ஆங்கிலத்தில் ஆடுபவர்களிடம் இந்தக் கருவி இல்லை. நம்மிடம் இருந்தும் நாம் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை.

குடும்பத்தை விதிகளுக்குள்ளேயே கொண்டுவந்த ஆட்டங்கள் சிலவற்றைத் தெரிந்துகொள்வது உங்களுக்கு உதவும், நீங்கள் ஆடுவது அவற்றில் ஒன்றாக இல்லாவிட்டாலும் அவற்றின் யோசனைகளை எடுத்துக்கொள்ளத் தடையில்லை. விண்வெளியைக் களமாகக் கொண்ட டிராவலர், 1977-இலேயே பாத்திரத்தின் முன்வாழ்க்கையை நான்கு நான்கு ஆண்டுகளாகப் பகடை உருட்டி நகர்த்தியது; பிழைப்பதற்கான உருட்டலில் தோற்றால் ஆட்டம் தொடங்கும் முன்பே, உருவாக்கத்தின் நடுவிலேயே பாத்திரம் இறந்துபோகும் என்ற விதி அதில் புகழ்பெற்றது. 1981-இல் வந்த சூப்பர் ஹீரோ ஆட்டமான சாம்பியன்ஸில், உங்களை நம்பி வாழும் ஒருவரைப் பாத்திரத்தோடு சேர்த்துக்கொண்டால் அதைச் சுமையாகக் கருதி, ஈடாகப் பாத்திரத்தின் ஆற்றல்களை வாங்கப் புள்ளிகள் தந்தார்கள். தி பர்னிங் வீல் 2002-இல் இதைத் தலைகீழாக்கியது: அங்கே உறவை நீங்கள் புள்ளிகள் கொடுத்து வாங்கவேண்டும், ஆனால் அவர் நெருங்கிய குடும்பத்தாராக இருந்தால் விலை குறையும், உங்களை வெறுப்பவராக இருந்தாலும் குறையும். உங்களுக்குத் தொல்லை தரப்போகிற உறவை மலிவாகத் தருவதில் இருக்கும் நியாயத்தை நினைத்துப் பார்த்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது.

ஆனால் குடும்பம் என்பதை எல்லாவற்றையும்விட ஆழமாக எடுத்துக்கொண்டது கிரெக் ஸ்டாஃபோர்டு வடிவமைத்து 1985-இல் வெளியான பெண்ட்ராகன் என்பேன். ஆர்தர் மன்னரின் காலத்து வீரர்களாக ஆடும் அந்த ஆட்டத்தில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நேர்மை–வஞ்சகம், இரக்கம்–கொடுமை என்பன போன்ற 13 எதிரிணைப் பண்புகள் உண்டு. ஒவ்வோர் இணையின் கூட்டுத்தொகையும் 20, ஒன்று ஏறினால் மற்றது இறங்கியே தீரும். அவற்றோடு குடும்பப் பாசம், தலைவனிடம் விசுவாசம் போன்ற பற்றுகளுக்கும் எண்கள் உண்டு. ஒவ்வோர் ஆண்டின் சாகசமும் முடிந்தபின் குளிர்காலம் என்றொரு கட்டம் வரும். அதில் திருமணம், குழந்தைப்பேறு, முதுமை எல்லாவற்றுக்கும் பகடை உருளும். உங்கள் வீரன் இறந்தால் வளர்ந்துவிட்ட அவன் வாரிசை எடுத்துக்கொண்டு தொடர்ந்து ஆடுவீர்கள். அங்கே குடும்பம் பின்கதையாக இருப்பதில்லை, ஆட்டத்தின் கதையாகவே இருக்கிறது. நீண்டகாலம் ஆடவிருக்கும் குழுவானால் உங்கள் கேம் மாஸ்டரிடம் இதைப் பற்றிப் பேசிப் பாருங்கள். ரூன்குவெஸ்ட் என்ற ஆட்டத்தின் 2018 பதிப்பும் பாட்டன் பாட்டி தலைமுறையிலிருந்து தொடங்கி, ஆண்டுவாரியாக எந்தப் போரில் யார் இருந்தார்கள், யார் மடிந்தார்கள் என்று உருட்டி வரச்சொல்லும். உலகத்தின் வரலாற்றைத் தனியாகப் படிக்கவேண்டிய சுமை அதனாலேயே குறைந்துவிடுகிறது, ஏனென்றால் நீங்கள் படிப்பது உங்கள் பாட்டியின் கதை.

எல்ஃப் (கூர்காது கொண்டவர்கள்), டுவார்ஃப் (குள்ளர்கள்) போன்ற நீண்ட ஆயுளுள்ள கற்பனை இனங்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் குடும்பக் கணக்கில் பெரும்பாலும் வழுக்கிவிழுவார்கள். ஐந்தாம் பதிப்பின் 2014 நூலின்படி எல்ஃப் ஒருவர் ஏறக்குறைய நூறாவது வயதில் தம்மைப் பெரியவராகக் கருதிக்கொள்கிறார், 750 ஆண்டுகள்வரை வாழ முடியும்; டுவார்ஃப் சராசரியாக 350 ஆண்டுகள் வாழ்கிறார். மனிதர்களுக்குத் தலைமுறைக்கு 25 ஆண்டுகள் என்று வைத்தால் ஓர் எல்ஃப் குழந்தை வளர்ந்து ஆளாவதற்குள் பக்கத்து மனிதக் குடும்பத்தில் நான்கு தலைமுறைகள் கடந்துபோயிருக்கும். அப்படியானால் அவளுடைய பால்ய நண்பன் யார்? அவன் பேரனின் மகன் இன்று நகரக் காவலனாக நின்று அவளைச் சுங்கச்சாவடியில் மறிக்கிறானா? அவள் தம்பிக்கும் அவளுக்கும் இருநூறு வருட இடைவெளி இருந்தால் அவர்கள் உடன்பிறப்புகளாகவே வளர்ந்திருக்க முடியுமா? காதைக் கூராக்கி வயதை மட்டும் 120 என்று எழுதிவிட்டு இருபது வயது மனிதனைப் போல ஆடுவதென்றால் மனிதனாகவே ஆடிவிடலாம்; விதிநூல் இலவசமாகத் தரும் இத்தனை துயரத்தை வீணாக்குவானேன்?

முதல் நிலைப் பாத்திரத்துக்கு மாபெரும் சாதனைகளை எழுதிவைப்பது இன்னொரு வழக்கமான பிழை, உங்கள் பன்னிரண்டு பக்கங்களிலும் அது இருக்கிறது என்று ஊகிக்கிறேன். ரீங்காவின் உயிர்ப்புள்ளிகள் (தீர்ந்தால் பாத்திரம் விழுந்துவிடும் எண்) முதல் நிலையில் 10-உடன் உடலுறுதிக்கான 1 சேர்ந்து 11 மட்டுமே. எட்டு முகப் பகடையால் சேதம் கணக்கிடப்படும் நீள்வாளின் இரண்டு நல்ல வெட்டுகளில் அவள் விழுந்துவிடக்கூடும். இருபது கொள்ளையரைத் தனியாக வென்றவள் என்று அவளைப் பற்றி எழுதியிருந்தால் முதல் சண்டையிலேயே அந்த எழுத்து பொய்யாகிவிடும், மேசையில் எல்லோரும் சிரிப்பார்கள். வீரச்செயல்கள் எல்லாம் ஆட்டத்துக்கு வரட்டும். பின்கதையில் அவளுடைய தவறுகளும் பயங்களும் அவளுக்கு யாரோ செய்த உதவியும் இருக்கட்டும்.

ரகசியங்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கடுமையான கருத்து உண்டு. கேம் மாஸ்டருக்கும் சொல்லாமல் வைத்திருக்கும் ரகசியத்தால் ஒரு பயனும் இல்லை. அது வெளிப்படும் தருணத்தை உருவாக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான். அதற்கு மாறாக, உங்களுக்கே விடை தெரியாத சில வெற்றிடங்களை அவர் கையில் கொடுங்கள். அண்ணனுக்குக் காரீயத்தை விற்றது யார், மிச்சம் பிடித்த வெள்ளீயம் எங்கே போனது, வடக்குக் கோபுரத்து மணி மட்டும் தோற்று மற்றவை இன்னும் ஒலிப்பது ஏன் என்ற மூன்றையும் நான் வேண்டுமென்றே நிரப்பாமல் விட்டேன். அவற்றைக் கேம் மாஸ்டர் தன் பெரிய கதையோடு முடிந்துகொள்ளும்போது ரீங்காவின் குடும்பம் அவருடைய உலகத்துக்கும் சொந்தமாகிவிடுகிறது, அதன்பின் அவளை ஓரங்கட்ட அவருக்கே மனம் வராது.

முதல் அமர்வுக்கு முன்பு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பேசும் ஏற்பாட்டைப் பல குழுக்கள் வழக்கமாக வைத்திருக்கின்றன. குடும்பத்துக்கு என்ன நேரலாம், என்ன நேரக்கூடாது என்பதை அங்கே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். “பாட்டி சாகக்கூடாது, மற்றவர்களை என்ன செய்தாலும் சரி” என்பது போன்ற ஒரு வரி போதுமானது. காரணம் சொல்லவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. சொந்த வாழ்க்கையில் அண்மையில் ஓர் இழப்பைச் சந்தித்தவருக்கு ஆட்டத்தில் வரும் மரணப்படுக்கைக் காட்சி எப்படி இருக்கும் என்பதை மற்றவர்கள் ஊகிக்க முடியாது. முதலில் நான் சொன்ன அந்த அநாதை வீரர்களில் பலர் இந்தப் பேச்சு நடக்காத மேசைகளில் பிறந்தவர்கள். அதே சந்திப்பில் உங்கள் உறவினர் ஒருவரை இன்னோர் ஆட்டக்காரரின் பாத்திரத்தோடு பகிர்ந்துகொள்ள முடியுமா என்றும் கேளுங்கள்: உங்கள் அத்தை அவருடைய ஆசானாக இருக்கலாம், அவர் ஏமாற்றிவிட்டு வந்த வணிகர் உங்கள் மாமனாக இருக்கலாம். சத்திரத்தில் தற்செயலாகச் சந்தித்த ஐந்து அந்நியர்கள் ஏன் ஒன்றாக உயிரைப் பணயம் வைக்கிறார்கள் என்ற பழைய சங்கடம் இப்படி ஒரே ஓர் உறவால் தீர்ந்துவிடும்.

2017-இல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு வந்த துணைநூல் ஒன்றில் பெற்றோர், பிறந்த இடம், உடன்பிறந்தோர், வாழ்க்கை நிகழ்வுகள் என எல்லாவற்றையும் பகடையால் முடிவு செய்யும் அட்டவணைகள் உண்டு. ஒன்றுமே தோன்றாமல் திகைத்து நிற்கும் நாளில் உருட்டிப் பாருங்கள், பிடிக்காததைத் தள்ளிவிடும் உரிமை உங்களுடையது.

இனி உங்கள் வாள்வீரன். பன்னிரண்டு பக்கங்களைக் கிழித்துப் போடவேண்டாம், உங்களுக்கான குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். கிராமம் எரிந்ததும் அப்படியே இருக்கட்டும். ஆனால் அன்றிரவு வேலியின் கதவை உள்ளிருந்து யாரோ திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று மாற்றுங்கள், அது யாரென்று நீங்கள் முடிவு செய்யவேண்டாம். தந்தை இறந்தார் என்பது சரி. தாய் இறக்கவில்லை, மூன்று நாள் நடை தூரத்திலுள்ள ஊரில் மறுமணம் செய்துகொண்டு வாழ்கிறாள், அவள் கணவர் நல்ல மனிதர், அவளுக்கு நான்கு வயதில் இன்னொரு மகன் இருக்கிறான், பழைய ஊரைப் பற்றிய பேச்சையே அவள் எடுப்பதில்லை. மூத்தவன் பழிதீர்க்கும் வெறியை விட்டுவிட்டு ஒரு தொழிலைக் கற்றுக்கொள்ளவேண்டும் என்பதுதான் அவள் விருப்பம். அவள் எல்லாவற்றையும் மறந்துவிட்டாள் என்று அவன் நினைக்கிறான். சின்னவன் இவனை இதுவரை பார்த்ததே இல்லை. இவ்வளவும் அரைப் பக்கத்துக்கு மேல் போகாது. மீதி அரைப் பக்கத்தில் எண்களையும் ஆயுதங்களையும் எழுதிக்கொள்ளலாம். தாய்க்கும் தம்பிக்கும் பெயர் வைத்துவிட்டுக் கேம் மாஸ்டரிடம் கொடுங்கள்.